கண்காட்சியில் வளர்ந்த லாமாவை ஆட்டுப் பட்டிக்குக் காவலாக்குவது எப்படி

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஆடு வளர்ப்பவர்களுக்கு நாய்த் தொல்லையைப் பற்றி யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. செம்பனைக் காட்டில் வெட்டிப் போட்ட மட்டைகளை வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள். அந்த அடுக்குகளின் அடியில் தெருநாய்கள் குட்டி போடுகின்றன, அங்கேயே வளர்கின்றன, பிறகு விடியற்காலையில் பட்டியைச் சுற்றி வருகின்றன. ஒரே இரவில் சினை ஆடுகள் மூன்றை இழந்த பிறகுதான் நான் காவலுக்கு ஒரு விலங்கைத் தேடத் தொடங்கினேன். அந்தச் சமயத்தில் மலைப்பகுதியில் இருந்த ஒரு காட்சிப் பண்ணை மூடப்பட்டதால், அங்கே முகக்கயிறு போட்டு நடக்கவும், படியேறவும், பிள்ளைகளுடன் நின்று படம் எடுத்துக்கொள்ளவும் பழக்கப்பட்டிருந்த, ஒட்டகக் குடும்பத்தைச் சேர்ந்த லாமா என்னும் விலங்கில் காயடித்த ஆண் ஒன்று எங்கள் கொட்டகைக்கு வந்து சேர்ந்தது. நிறத்தைப் பார்த்து அதற்குச் செவலை என்று பெயர் வைத்தோம். அதை வைத்துப் பராமரித்த இந்த நான்கு ஆண்டுகளில் கற்றுக்கொண்டதையும், லாமா வளர்ப்பில் நன்கு அறியப்பட்ட செய்திகளையும் சேர்த்தே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். லாமாவுக்குக் காவலை நாம் கற்றுக் கொடுப்பதில்லை. அந்தக் குணம் பிறவியிலேயே வருவது. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைகளில் வாழும் குவானக்கோ என்னும் காட்டு விலங்கை ஏறத்தாழ 6,000 முதல் 7,000 ஆண்டுகளுக்கு முன் மக்கள் பழக்கியதன் வழியில் வந்ததே லாமா. குவானக்கோக் கூட்டத்தில் ஓர் ஆண், பல பெட்டைகளையும் குட்டிகளையும் தன் எல்லைக்குள் வைத்துக்கொண்டு, மேடான இடத்தில் நின்று சுற்றிலும் பார்த்தபடி இருக்கும். பூமாவோ நரியோ வேற்று ஆணோ தென்பட்டால் உரக்கக் குரல் கொடுக்கும், நரியையும் வேற்று ஆணையும் ஓடிச் சென்று விரட்டும். அந்தக் குணம் லாமாவிடம் இன்னும் இருக்கிறது. தன் இனம் அருகில் இல்லாதபோது அது ஆட்டு மந்தையையே தன் குடும்பமாக ஏற்றுக்கொள்கிறது. அமெரிக்காவில் 1980களின் தொடக்கத்திலிருந்து செம்மறி வளர்ப்பவர்கள் இதைப் பயன்படுத்தி வருகிறார்கள். அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தார் அந்நாட்டின் மேற்குப் பகுதியில் 145 பண்ணைகளில் விசாரித்தபோது, ஆண்டுக்குச் சராசரியாக 26 ஆடுகளைக் கொயோட்டி என்னும் ஓநாய் போன்ற காட்டு விலங்கு, நாய் முதலியவற்றுக்குப் பறிகொடுத்துவந்த பண்ணைகளில் லாமா வந்த பின் அந்த இழப்பு 8ஆகக் குறைந்திருந்தது. அந்த லாமாக்களில் பெரும்பாலானவை ஆடுகளோடு வளர்ந்தவையும் அல்ல, பயிற்சி பெற்றவையும் அல்ல.

ஆகவே, கண்காட்சியில் வளர்ந்ததால் அந்தக் குணம் அழிந்துபோயிருக்கும் என்று அஞ்ச வேண்டாம். அமெரிக்கக் கண்காட்சிகளில் லாமாவின் உடலமைப்பையும் நடையையும் பார்க்கும் பிரிவு உண்டு; தடைகளைக் கடக்க வைக்கும் பிரிவும், சுமை தூக்க வைக்கும் பிரிவும் உண்டு. இவற்றுக்காகப் பழக்கப்பட்ட விலங்கு, மனிதர் கை பட்டால் மிரளாது, லோரியில் ஏறும், மேளச் சத்தத்திலும் கூட்டத்திலும் நிதானமாக நிற்கும். கோயில் திருவிழாவும் தீபாவளி வெடியும் உள்ள நம் ஊரில் இது பெரிய நன்மை. கவனிக்க வேண்டிய குறைகள் வேறு வகையானவை; அவற்றைத் தேர்வு செய்யும்போதே பார்த்துவிட வேண்டும்.

எதைத் தேர்ந்தெடுப்பது

வாங்கப் போவது லாமாவா அல்பாக்காவா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். லாமாவின் காது நீண்டு, வாழைப்பழத்தைப் போல உட்பக்கம் வளைந்திருக்கும். அல்பாக்காவின் காது குட்டையாக, ஈட்டி முனை போல இருக்கும். வளர்ந்த லாமா 130 கிலோவுக்கு மேல் எடையுள்ளது. அல்பாக்கா பெரும்பாலும் அதில் பாதிதான். நாயை எதிர்த்து நிற்க அல்பாக்காவால் முடியாது. அதற்கே ஒரு காவல் தேவைப்படும்.

காயடித்த ஆணாகவும், இரண்டு வயதைத் தாண்டியதாகவும் இருக்கட்டும். காயடிக்காத ஆண், பெட்டை ஆடுகளின் மேல் ஏற முயன்று தன் எடையால் அவற்றை நசுக்கிவிடக்கூடும். மிக இளம் வயதில் காயடித்தால் கால் எலும்புகள் சரியான அளவில் வளராமல் போகலாம் என்பதால், பொதுவாக 18 முதல் 24 மாதத்திற்குப் பிறகே கால்நடை மருத்துவர்கள் அதைச் செய்கிறார்கள். எத்தனை மாதத்தில் செய்தார்கள் என்று விற்பவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த கேள்வி மிக முக்கியமானது: அது தாயிடம் பால் குடித்து வளர்ந்ததா, மனிதர் கையால் புட்டிப் பால் குடித்து வளர்ந்ததா? புட்டிப் பாலில் தனியே வளர்ந்த ஆண் குட்டி, மனிதரையும் தன் இனமாகவே எண்ணிப் பழகிவிடும். பார்க்க மிக அன்பாக இருக்கும். நம் தோளில் முகத்தை வைக்கும், பையை முகரும். ஆனால் வளர்ந்து பருவம் வந்ததும், அதே விலங்கு மனிதரைப் போட்டிக்கு வந்த இன்னோர் ஆணாகக் கருதி மார்பால் மோதித் தள்ளும். காட்சிப் பண்ணைகளில் பார்வையாளரைக் கவர்வதற்காக இப்படிக் குட்டிகளை வளர்ப்பதுண்டு. அப்படிப்பட்ட ஒன்றைச் சிறு பிள்ளைகள் நடமாடும் இடத்திற்குக் கொண்டுவராதீர்கள். நல்ல காவல் லாமா நம்மைப் பார்த்து ஓடிவராது. சற்றுத் தள்ளி நின்று, கழுத்தை உயர்த்தி, யார் வருகிறார் என்று அளந்து பார்க்கும். அந்த விலகலைக் கண்டு மனம் சோர வேண்டாம். நீங்கள் தேடுவது அதைத்தான்.

ஒரே ஒரு லாமாதான் வாங்க வேண்டும். இரண்டு இருந்தால் பாதுகாப்பு இரட்டிக்கும் என்று தோன்றும்; நடப்பதோ வேறு. இரண்டும் ஒன்றுக்கொன்று துணையாகிவிடும், ஆடுகளை மறந்துவிடும். கண்ணுக்கெட்டும் தூரத்தில் வேறு லாமா இருந்தாலே அதன் கவனம் அந்தப் பக்கம் போய்விடும்.

வாங்குமுன் சோதிப்பது

விற்பவர் சொல்வதை மட்டும் நம்பாமல், உங்கள் கண்ணால் பார்த்துத் தீர்மானிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. லாமாவை வேலிக்குள் அவிழ்த்துவிடச் சொல்லுங்கள். முகக்கயிறு போட்டிருக்கும்போது சோதிக்கக் கூடாது. கயிறு இருக்கும்வரை அது கண்காட்சியில் நிற்பதைப் போலவே நிற்கும். பிறகு, ஒருவர் நாயைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு வேலிக்கு வெளியே முப்பது மீட்டர் தள்ளி மெதுவாக நடக்கட்டும். நாயை நெருங்க விடவே வேண்டாம். நாம் சண்டை மூட்டுவதற்காக இதைச் செய்யவில்லை.

காவல் குணமுள்ள லாமா மேய்வதை உடனே நிறுத்தும். கழுத்து நேராக எழும், இரண்டு காதுகளும் நாயின் பக்கம் முன்னோக்கித் திரும்பும், நாய் நகர நகரத் தலையும் அதனுடன் நகரும். சில லாமாக்கள் அங்கேயே குரல் கொடுக்கும். இன்னும் சில, நாயை நோக்கி நான்கைந்து அடி எடுத்து வைக்கும். இவை நல்ல அடையாளங்கள். தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மீண்டும் மேயத் தொடங்கும் லாமா, கண்காட்சித் திடலில் நாய்களைப் பார்த்துப் பார்த்துப் பழகியதாக இருக்கலாம். அதை வேறொரு நாள், வேறொரு நாயைக் கொண்டு சோதியுங்கள். மூலைக்கு ஓடி ஒடுங்கும் லாமாவை விட்டுவிடுங்கள். காதுகளைப் பின்னால் மடக்கி மூக்கை வானம் பார்க்கத் தூக்குவது எரிச்சலின் அடையாளம் மட்டுமே. அதற்கடுத்து எச்சில் துப்பும், அவ்வளவுதான். அதைக் காவல் குணம் என்று எண்ணிவிடக் கூடாது.

லாமாவை வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதற்கு முறையான இறக்குமதி அனுமதியும் தனிமைப்படுத்தலும் கட்டாயம். உள்நாட்டில் வாங்கினாலும் அதன் பத்திரங்களைக் கேட்டுப் பெறுங்கள். கால்நடை சேவைத் துறையின் மாவட்ட அலுவலகத்தில் ஒருமுறை நேரில் போய் விசாரிப்பது பின்னால் வரும் பல சிக்கல்களைத் தவிர்க்கும்.

பட்டியோடு இணைப்பது

வந்த அன்றே ஆடுகளுக்கு நடுவில் விட வேண்டாம். ஆடுகள் இதுவரை பார்த்திராத உயரம் அது. மிரண்டு ஓடினால் சினை ஆடுகளுக்கு ஆகாது. பட்டியை ஒட்டி ஒரு சிறு அடைப்பு கட்டி, கம்பி வேலி வழியே இரு தரப்பும் ஒன்றையொன்று பார்க்கவும் முகரவும் விடுங்கள். செவலையை நான் மூன்று நாள் அப்படி வைத்திருந்தேன். முதல் நாள் முழுவதும் 'ம்ம்ம்' என்று மெல்லிய குரலில் முனகிக்கொண்டே இருந்தது. பழைய கூட்டத்தைத் தேடும் முனகல் அது. இரண்டாம் நாள் மாலை, வயதான ஜமுனாபாரி ஆடு ஒன்று வேலியருகே வந்து படுத்துக்கொள்ள, செவலையும் மறுபக்கம் அதை ஒட்டியே கால்களை மடக்கிப் படுத்தது. நான்காம் நாள் கதவைத் திறந்துவிட்டேன்.

சில மணி நேரத்தில் இணைந்துவிடும் லாமாவும் உண்டு, ஒரு வாரம் எடுத்துக்கொள்வதும் உண்டு. ஆடுகள் குட்டி போடும் பருவத்துக்குச் சற்று முன்பாக இணைத்தால் பிணைப்பு விரைவில் ஏற்படும்; குட்டிகளிடம் லாமாவுக்குத் தனிப் பிரியம். இந்த நாட்களில் நீங்கள் அதைத் தட்டிக் கொடுப்பதையும், கையால் ஊட்டுவதையும், படம் எடுக்க வருபவர்களை அழைத்து வருவதையும் நிறுத்திவிட வேண்டும். கண்காட்சி லாமாவுக்கு மனிதரோடு இருப்பது பழகிய சுகம். அதைக் குறைத்தால்தான் ஆடுகளின் பக்கம் திரும்பும்.

முகக்கயிற்றைக் கழற்றிவிடுங்கள். அழகுக்காக அதை விட்டு வைப்பவர்கள் உண்டு. லாமா மூக்கின் வழியாகவே மூச்சு விடுகிற விலங்கு. பட்டை கீழே நழுவி, எலும்பில்லாத மூக்கு நுனியை அழுத்தினால் மூச்சுத் திணறிவிடும். வேலிக் கம்பியில் மாட்டிக்கொண்டாலும் ஆபத்துதான். மருத்துவர் வரும்போது மட்டும், பட்டை கண்ணுக்கு அருகில் எலும்பின் மேல் இருக்கும்படி போட்டால் போதும்.

இரவு இருப்பிடத்தையும் யோசிக்க வேண்டும். நம் ஊர் ஆட்டுக் கொட்டகைகள் தரையிலிருந்து உயர்த்தி, பலகை இடைவெளி விட்டுக் கட்டியவை. அந்தச் சரிவுப் பலகையில் லாமாவை ஏற்றக் கூடாது, இடைவெளியில் கால் சிக்கும். கொட்டகையின் வாசலை ஒட்டித் தரையிலேயே கூரை மட்டும் போட்டு அதற்கு இடம் கொடுங்கள். சுற்றிலும் பார்வை மறையாமல் இருக்கட்டும். மேய்ச்சல் பகுதியில் ஒரு மண்மேடு இருந்தால் மிக நல்லது. குவானக்கோவின் பழக்கம் போகாமல், பகலில் பெரும்பாலும் அந்த மேட்டில்தான் அது நிற்கும்.

அது குரல் கொடுக்கும்போது

லாமாவின் எச்சரிக்கைக் குரலை ஒருமுறை கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். குதிரைக் கனைப்பும் வான்கோழிச் சத்தமும் கலந்ததுபோல, உச்சத்தில் தொடங்கி விட்டுவிட்டு அடுக்கடுக்காக வரும். செவலை வந்த இரண்டாம் மாதம், தோட்டத்தில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்கு ஆட்கள் கூடும் இருட்டு நேரத்தில் அந்தச் சத்தம் எழுந்தது. பக்கத்து வீட்டு அத்தை வாசலில் நின்று, "தம்பி, உங்க ஒட்டகம் கத்துது பாருப்பா, என்னமோ வந்திருக்கு!" என்று கூப்பிட்டார். நான் விளக்கை எடுத்துக்கொண்டு ஓடியபோது ஆடுகள் எல்லாம் வேலி மூலையில் ஒன்றாக நெருங்கி நின்றன. அவற்றுக்கும் செம்பனை வரிசைக்கும் நடுவில் செவலை நின்றது. கழுத்தைத் தாழ்த்தி முன்னே நீட்டி, ஒரு கறுப்பு நாயை நோக்கி நேராக ஓடி, முன்னங்காலால் தரையில் ஓங்கி அடித்தது. நாய் மட்டை அடுக்கைத் தாண்டி ஓடிவிட்டது. செவலை அதன் பின்னால் போகவில்லை. மேட்டுக்குத் திரும்பி, நாய் போன திசையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றது.

ஆகவே குரல் கேட்டால் உடனே போங்கள். காதுகள் காட்டும் திசையில் விளக்கை அடியுங்கள். நாம் போவதால் லாமாவுக்குத் தைரியம் கூடுகிறதோ இல்லையோ, நாய்கள் எத்தனை என்று நமக்குத் தெரிந்துவிடும். அந்த எண்ணிக்கை முக்கியம். ஒரு நாயையோ இரண்டு நாய்களையோ லாமாவால் சமாளிக்க முடியும். கூட்டமாக வந்து சுற்றி வளைத்தால் லாமாவையே அவை கொன்றுவிடும். உடும்பும் மலைப்பாம்பும் குட்டிகளைத் தூக்குவதை அது தடுக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது; காட்டோரத் தோட்டங்களில் சிறுத்தையோ புலியோ வந்தால் லாமாவும் அதற்கு இரைதான். வேலிக்கு மாற்றாக லாமாவை நினைப்பது தவறு. நல்ல வேலியும் இரவில் பூட்டிய கொட்டகையும் இருக்கும் இடத்தில்தான் அதன் காவல் பயன்படும். நாய்களுக்கு விஷம் வைக்கும் வழக்கத்தை அறவே விட்டுவிட வேண்டும். 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தின்படி அது குற்றம், தவிர அந்த விஷத்தை நம் ஆடும் லாமாவும் தின்ன நேரிடும். உங்கள் வீட்டு நாய் எது, தெருநாய் எது என்று லாமா பிரித்துப் பார்க்காது என்பதால், வளர்ப்பு நாயைப் பட்டிப் பக்கம் விடாதீர்கள்.

வெப்பம்

நம் ஊரில் லாமா வளர்ப்பதில் உள்ள மிகப்பெரிய சிரமம் நாயல்ல, புழுக்கம். 3,500 மீட்டருக்கு மேற்பட்ட குளிர்ந்த, வறண்ட பீடபூமிகளுக்கு ஏற்ற உடல் அதற்கு. லாமா வளர்ப்பவர்களிடையே ஒரு கணக்கு உண்டு: வெப்பநிலையை ஃபாரன்ஹீட்டில் எடுத்து, அதனுடன் காற்றின் ஈரப்பத விழுக்காட்டைக் கூட்ட வேண்டும். 120க்குக் கீழே இருந்தால் கவலையில்லை. 150ஐத் தாண்டினால் எச்சரிக்கை. 180ஐத் தொட்டால் பேராபத்து. நம் ஊரில் நண்பகலில் 32 பாகை செல்சியஸ் என்பது ஏறத்தாழ 90 ஃபாரன்ஹீட். ஈரப்பதம் 75 என்றால் கூட்டுத்தொகை 165. விடியற்காலையில்கூட ஈரப்பதம் மிகுந்திருப்பதால் கணக்கு 150க்குக் கீழே இறங்குவதில்லை. இதைத் தாங்க வைக்க உங்களிடம் நிழலும் தண்ணீரும் மின்விசிறியும், தினமும் கவனிக்க ஆளும் இல்லையென்றால், லாமாவை வாங்கவே வேண்டாம் என்பதுதான் என் உறுதியான கருத்து. மலையடிவாரத்தில் இருப்பவர்களுக்குச் சற்று எளிது.

முதல் ஆண்டு ஏப்ரலில் நான் அசட்டையாக இருந்துவிட்டேன். கண்காட்சிக்காக வளர்த்த நீண்ட ரோமம் அழகாக இருக்கிறதே என்று கத்தரிக்காமல் விட்டதன் விளைவாக, ஒரு பிற்பகலில் செவலை வாயைத் திறந்து மூச்சிரைத்து, கீழுதடு தொங்க, பின்னங்கால் தள்ளாடிப் படுத்துவிட்டது. அவசரத்தில் முதுகில் தண்ணீரை ஊற்றினேன்; அது தவறு. ஈரமான ரோமம் போர்வை போல ஒட்டிக்கொண்டு வெப்பத்தை வெளியேற விடாது. மருத்துவர் தொலைபேசியிலேயே திருத்தினார்: தண்ணீரை அடிவயிற்றிலும், அக்குளிலும், தொடையின் உட்பக்கத்திலும் பாய்ச்ச வேண்டும், அங்கேதான் ரோமம் குறைவு, அங்கேதான் உடம்பு வெப்பத்தை விடும். இயல்பான உடல் வெப்பம் 37.5 முதல் 38.9 பாகை வரை. அன்று 41ஐத் தாண்டியிருந்தது. மாலையில்தான் எழுந்து நின்றது.

அன்று முதல் ஆண்டுக்கு இருமுறை, ஓர் அங்குலம் மட்டும் விட்டு முழு உடம்பும் கத்தரிக்கிறேன். ஒட்டக் கத்தரித்தால் வெயில் தோலைச் சுடும். கொட்டகையில் விசிறியை, படுத்திருக்கும்போது வயிற்றில் காற்றுப் படும்படி தாழ்வாகப் பொருத்தியிருக்கிறேன். சிமெந்துத் தரையை மதியம் நனைத்து வைத்தால் தானே வந்து படுத்துக்கொள்ளும். தடுப்பூசி, நகம் வெட்டுதல் போன்ற வேலைகளை எல்லாம் காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள்.

தீனியும் பராமரிப்பும்

புல்லும் உலர்ந்த தழையும் போதும். நேப்பியர் புல்லை நறுக்கிப் போட்டால் விரும்பித் தின்னும். ஆனால் நம் பகுதியில் மலிவாகக் கிடைக்கும் செம்பனைக் கொட்டைப் பிண்ணாக்கை அதற்குக் கொடுக்காதீர்கள். அதில் தாமிரம் அதிகம். வெள்ளாடு ஓரளவு தாங்கும். செம்மறியைப் போலவே லாமாவும் தாங்காது, தாமிரம் ஈரலில் சிறிது சிறிதாகச் சேர்ந்து ஒரு நாள் திடீரென்று விழுந்துவிடும். ஆடுகளுக்குப் பிண்ணாக்கு வைப்பவர்கள், லாமாவின் கழுத்து எட்டாதபடி உயரமான ஒரு தடுப்புக் கட்டி, ஆடுகள் மட்டும் நுழையும் தாழ்ந்த வழி விட்டு, அதற்குள் தள்ளி வைக்க வேண்டும். கோழித் தீவனமும் கூடாது. அதில் கலக்கும் சில மருந்துகள் லாமாவைக் கொல்லக்கூடியவை.

ஆட்டின் இரைப்பையில் இரத்தம் குடிக்கும் புழு லாமாவுக்கும் தொற்றும். மாதம் ஒருமுறை கீழிமையை விலக்கிப் பாருங்கள். சிவப்பு மங்கி வெளிறியிருந்தால் சாணத்தைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். லாமா ஒரே இடத்தில் சாணமிடும் பழக்கமுடையது என்பதால் மாதிரி எடுப்பதும் சுத்தம் செய்வதும் எளிது. அந்தக் குவியலை வாரத்தில் இருமுறை அள்ளிவிட்டால் புழுத் தொல்லை குறையும். மட்கிய பின் வாழைக்குப் போடலாம். ஆணுக்கு இரண்டு மூன்று வயதில் முளைக்கும் கூரிய சண்டைப் பற்களை மருத்துவரைக் கொண்டு வெட்டிவிட வேண்டும்.

நாள்தோறும் காலையில் பட்டியைத் திறக்கும்போது, ஆடுகளை எண்ணும் முன் லாமாவைப் பாருங்கள். மேட்டில் நின்று உங்களைப் பார்த்துக் காதை நிமிர்த்தினால் எல்லாம் சரியாக இருக்கிறது. நீங்கள் வந்தும் திரும்பாமல் ஒரே திசையில் வெறித்துக்கொண்டிருந்தால், கதவைத் திறக்காமல் அந்தப் பக்கத்து வேலியை முதலில் நடந்து பார்த்துவிட்டு வாருங்கள்.